பன்னிரண்டாம் ஓட்டத்தின் துணித்துண்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிக்கும். எழுதுகிறவருக்கு நரைத்த மீசை இருக்கும், முப்பது வருட உத்தியோகம் இருக்கும், இரண்டு மூன்று துரைமார் கொடுத்த நற்சான்றிதழ் இருக்கும். எனக்கு வயது இருபத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு தொழிற்பள்ளியின் பட்டறையில் மூன்று வருடம் பதிவுப் புத்தகம் எழுதினேன். கல்யாணமாகி, கிரேஸ் வயிற்றில் வந்ததும் நின்றுகொண்டேன். இதையும் ஓய்வு என்று சொல்லலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "எட்டு மாசக் குழந்தையை வச்சுக்கிட்டு ஓய்வுங்கிறியே, ரூத்து" என்று சிரித்தார்.

என்னை எழுதச் சொன்னது தங்கபாய். இப்போது என் இடத்தில் அந்தப் புத்தகத்தை எழுதுகிறவள். பட்டறைக்கு இன்னொரு சின்ன பெட்ரோல் இன்ஜின் வந்திருக்கிறதாம். அதுவும் மாதிரி ஏரோப்ளேனுக்குத்தான். புது இன்ஜினை எப்படிப் பழக்குவது என்று பார்க்க என் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். மூன்று கேள்விகள் எழுதியிருந்தாள்.

"அக்கா, கடைசிக் கட்டத்தில் 'ஆ' என்றும் 'ஆ.இ.' என்றும் போட்டிருக்கிறீர்களே, அது என்ன அளவு? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு துணித்துண்டைக் குத்தி வைத்திருப்பது எதற்கு? முதல் துண்டு கறுப்பு, பிறகு வெளுத்துக்கொண்டே வருகிறது, பன்னிரண்டாவது மட்டும் திடீரென்று சாம்பல் நிறமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஓட்டமே இல்லை. அது ஏன்?"

பதிலைப் பள்ளிப் பத்திரிகைக்கே எழுதிக் கொடுத்தால் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும் என்றும் சொல்லியிருந்தாள். இரண்டு மாதமாகத் தள்ளிப் போட்டேன். முதல் இரண்டு கேள்விக்கும் அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். மூன்றாவதுதான் கையைப் பிடித்தது. பள்ளியை நடத்தும் எங்கள் மிஷன் துரை அந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர்.

நான் பட்டறைக்குப் போன கதை சிறியது. போர்டிங் பள்ளியில் படித்து, உபாத்தியாயினிப் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பட்டறை மாஸ்டர் ஞானமுத்துவுக்கு இரும்பு, மரம், பித்தளை எல்லாம் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. சீமையிலிருந்து வரும் இயந்திரங்களின் தாள்களைப் படித்துச் சொல்லவும், நடந்ததை எழுதி வைக்கவும் ஆள் தேவைப்பட்டது. துரை என்னை அனுப்பினார். அனுப்பும்போதே ஒன்று சொன்னார்: "பட்டறையில் ஒரு பெண் நிற்பது சரியா என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. ஸ்தோத்திரப் பண்டிகை வரை பார்ப்போம். சரியாக வந்தால், உனக்குப் பிறகும் பெண்களை எடுப்போம்."

உனக்குப் பிறகும் என்ற சொல்லை நான் தலையில் தூக்கிக்கொண்டுதான் தினமும் பட்டறைக்குள் நுழைந்தேன். பென்சில் கூர் உடைந்தால்கூட, ஐயோ, இனி ஒரு பெண்ணையும் எடுக்க மாட்டார்களே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருடம் அந்த முதல் இன்ஜின் வந்தது. துரையின் தம்பி அனுப்பியது. மாணவர்கள் மூங்கிலும் பட்டும் வைத்துப் பத்தடி அகல ஏரோப்ளேன் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார்கள். ஊரில் அதற்குத் தட்டான் என்று பெயர். பண்டிகை அன்று பள்ளி மைதானத்தில் தட்டான் பறக்கும் என்று துரை எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து இன்ஜினை என் கையில் கொடுத்தார் மாஸ்டர். புத்தகத்தில் "ஒரு சின்னப் பரங்கிக்காய் பாரம்" என்று எழுதினேன். இன்றானால் பிறந்த குழந்தையின் பாரம் என்று எழுதியிருப்பேன்.

மாஸ்டர் ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். பட்டறைக்குள் செருப்போடு வர மாட்டார். கோபம் வந்தால் பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம். அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் 'பைய', அதாவது மெதுவாக.

"புது இஞ்சின்ல எல்லா பாகமும் ஒண்ணுக்கொண்ணு அன்னியம்மா. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இன்னும் பழக்கமில்ல. முத நாளே வெரட்டினா ரெண்டும் கடிச்சுக்கிடும். பைய பழகணும்."

பழக்கும் முறை இது. இன்ஜினைத் தேக்குக் கட்டையில் பூட்டி, கட்டையைப் பட்டறைக்கு வெளியே கல் தூணோடு பிணைத்தோம். செம்மண் முற்றம், புழுதி எழும். அதனால் தினமும் காலையில் பத்துக் குடம் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு. பெட்ரோலை முதலில் மல் துணியிலும் பிறகு மெல்லிய தோலிலும் வடிகட்டுவோம். எண்ணெய் தனி. பித்தளைக் கிண்ணம் ஒன்றிலிருந்து விளக்கெண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். பழகிய இன்ஜினுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு, புதிதுக்குப் பதினாறு. எண்ணுவது என் வேலை.

தாளில் மருந்துக்கடைத் தரமுள்ள விளக்கெண்ணெய் என்று போட்டிருந்தது. சந்தை எண்ணெய் வேக வைத்து எடுத்தது, கசடு இருக்கும். மிஷன் மருந்தகத்துக்கு ஃபிட்டர் இசக்கியை அனுப்பினார் மாஸ்டர். இசக்கி அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. அங்கிருந்த நர்ஸம்மா, "பாட்டில் பாட்டிலா கேக்குதீரே, யாருக்குவே வயிறு கட்டிக்கிடக்கு?" என்று கேட்டாராம்.

"சீமையிலிருந்து வந்த பச்சப் பிள்ளைக்கும்மா. நிமிசத்துக்குப் பதினாறு சொட்டு குடிக்கி."

"பதினாறா! பிள்ளை தாங்குமா?"

"குடிச்சுப்புட்டு பின்னால பொகையா விடுதும்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு பாட்டிலோடு வந்து சேர்ந்தார்.

பெட்ரோல் ஊற்றாமல், எண்ணெய் மட்டும் விட்டு, இன்ஜினின் முன்னால் மாட்டிய விசிறியைக் கையால் நூறு முறை சுற்றினோம். பிறகுதான் முதல் ஓட்டம். பேட்டரிக் கம்பியை மாட்டி, இசக்கி அண்ணாச்சி விசிறியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்னால் துள்ளுவார். ஏழாவது தட்டில் பிடித்தது. போர்டிங் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். அறுபது எண்ணியதும் கம்பியைப் பிடுங்கி நிறுத்தினார் மாஸ்டர்.

"இனி ஆறணும். தாள்ல என்னம்மா போட்டிருக்கு?"

"போதிய அளவு ஆறவிடவும்னு இருக்கு மாஸ்டர்."

"போதிய அளவுன்னா எவ்வளவு?"

"அது போடல."

மாஸ்டர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். தாளின் மீது கோபம். பிறகு ஒரு விதி செய்தார். உள்ளங்கையை சிலிண்டர் மேல் வைத்துப் பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆமென் வரை கை தாங்கினால் ஆறிவிட்டது. அடுத்த ஓட்டம் தொடங்கலாம். நடுவில் கையை எடுத்தால் ஆறவில்லை. தங்கபாய், 'ஆ' என்றால் ஆமென். 'ஆ.இ.' என்றால் ஆமென் இல்லை. முதல் நாள் முதல் முறை நான் ஜெபத்தின் நடுவில் வரும் 'அன்றன்றுள்ள அப்பத்தை'த் தாண்டவில்லை. இசக்கி அண்ணாச்சிக்கு ஜெபம் தெரியாது. "எங்க சாமி பேரை இருபத்தொரு தடவ சொல்லுதேன், கணக்கு சரியா வருது வே மாஸ்டர்" என்பார். உண்மையிலேயே சரியாகத்தான் வந்தது.

துணித்துண்டு மாஸ்டர் யோசனை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புகைவாயில் வடியும் எண்ணெயை வெள்ளை மல் துணியில் ஒற்றிக் குத்தி வைக்கச் சொன்னார். பழகாத உலோகம் தேய்ந்து எண்ணெயில் வரும்; அதனால் முதலில் கறுப்பு. பழகப் பழக வெளுக்கும். தேன் நிறம் வந்துவிட்டால் வேகம் கொடுக்கலாம். ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். பதினோராம் ஓட்டம் பத்து நிமிடம். துணியைப் பார்த்த மாஸ்டர், "இன்னும் நாலே ஓட்டம்" என்றார். பண்டிகைக்குப் பதினான்கு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் துரை வந்தார். பெண் கல்வியைப் பார்வையிடும் ஒரு துரைசானி மறுநாள் காலை வருவதாகவும், இன்ஜினையும், அதைவிட முக்கியமாகப் பட்டறையில் நிற்கும் பெண்ணையும் அவருக்குக் காட்டப் போவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு இன்ஜினைப் பார்த்து, "கொஞ்சம் கறுத்திருக்கிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாகம் எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய் கருகிப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பித்தளைக் கிண்ணம், பெட்ரோல் தொட்டி, காற்று உள்ளே போகும் குழல் எல்லாம் அடுப்புக்கரி போல இருந்தன. மாஸ்டரும் இசக்கி அண்ணாச்சியும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால், பித்தளை கறுத்திருந்தால், நம் ஊரில் ஒரு பெண் என்ன செய்வாள்? அதைத்தான் செய்தேன். போர்டிங் அடுப்படியில் ஒரு உருண்டை புளியும் ஒரு கொட்டாங்கச்சி சாம்பலும் வாங்கி வந்தேன். சாம்பலைச் சலித்துத்தான் எடுத்தேன்; அதில் எனக்குப் பெருமை வேறு.

தேய்த்தேன், தங்கபாய். அப்படித் தேய்த்தேன். கிண்ணம் தங்கமானது. தொட்டியில் என் முகம் தெரிந்தது. காற்றுக் குழலின் வாயை, செம்பின் கழுத்துக்குள் விரல் விட்டுத் துலக்குவோமே, அதே மாதிரி துணியைச் சுற்றிய விரலை உள்ளே விட்டுத் துலக்கினேன். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, மூடி வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். பத்துக் குடம் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கும் பட்டறையில், கைநிறையச் சாம்பலை நானே கொண்டுபோய் ஊட்டியிருக்கிறேன் என்ற எண்ணம் ஒரு நொடிகூட வரவில்லை. மற்ற விஷயத்துக்கெல்லாம் நூறு முறை யோசிப்பவள், இதற்கு ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

மறுநாள் மூடியை எடுத்ததும் துரைசானி கைகொட்டினார். துரை முகம் மலர்ந்தது. மாஸ்டர் இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதும், அழகைக் கண்டு கண் கூசுகிறது போலும் என்றுதான் நினைத்தேன்.

"ஓட்டுங்கள்" என்றார் துரை.

மாஸ்டர் குழலின் வாயைக் குனிந்து பார்த்து, ஊதி, துணியால் துடைத்து, "நாளைக்கு வச்சுக்கிடலாமே துரை" என்றார்.

"அம்மையார் இன்று மாலை ரயிலில் போகிறார்."

வேறு வழியில்லை. விசிறி இரண்டாவது தட்டிலேயே பிடித்தது. ஆனால் சத்தம் வேறு. பதினொரு ஓட்டமும் கேட்ட காதுக்கு உடனே தெரிந்தது. தொண்டையில் மீன்முள் சிக்கினவர் பேசுவது மாதிரி ஒரு கரகரப்பு. நாற்பது எண்ணுவதற்குள் கம்பியைப் பிடுங்கிவிட்டார் மாஸ்டர்.

"என்ன?" என்றார் துரை.

"சூடு துரை. இன்னைக்கு இது போதும்."

துரைசானி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் தலைகுனிந்ததை அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அவர்கள் போனதும் துணியை ஒற்றினேன். தேன் நிறம் இல்லை, சாம்பல் நிறம். மாஸ்டர் அதை விரலுக்கு நடுவில் வைத்து நெருடினார். நறநறவென்றது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. 'அடுப்படிச் சாம்பல் காற்றில் பறந்து வந்திருக்குமோ மாஸ்டர்' என்று ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் மாஸ்டர் குழலின் வாயைத் துடைத்த துணியை எடுத்து, அதன் நுனியை நாக்கில் வைத்தார்.

"புளிக்கி" என்றார்.

இசக்கி அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி ரூத்து, இஞ்சினுக்கு ரசம் வச்சுக் குடுத்தியா?"

மூன்று வருடத்தில் அவர் என்னை ஏட்டி என்று சொன்னது அந்த ஒரு முறைதான். நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன், சலித்த சாம்பல் என்பது உட்பட.

"சலிச்சதா! அப்ப சல்லிசா உள்ள போயிருக்கும்" என்றார் இசக்கி அண்ணாச்சி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழாதீங்க டீச்சரம்மா, என் பொண்டாட்டியா இருந்தா உள்ள செங்கப்பொடியையும் போட்டிருப்பா" என்றார்.

பிரித்தோம். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றின வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கி நம்பர் எழுதினேன். மண்ணெண்ணெயில் ஐந்து முறை கழுவினார் மாஸ்டர். ஒவ்வொரு முறையும் அடியில் படிந்ததைக் காட்டுவார். சிலிண்டரின் உள்ளே மயிரிழை போல மூன்று கீறல். பிஸ்டன் வளையம் ஒன்று சாம்பலும் எண்ணெயும் சேர்ந்த களிம்பில் இறுகிப்போயிருந்தது. அதை உடைக்காமல் எடுக்கவே இரண்டு நாள். பிறகு பிஸ்டனை எண்ணெயில் தோய்த்து, சிலிண்டருக்குள் கையால் மேலும் கீழும், அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி, நாள் முழுவதும் தேய்த்தார். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. மைதானத்தில் பந்தல் கால் நட்டுவிட்டார்கள்.

ஏழாம் நாள் வரை பொறுத்தேன். அன்று என் ஐயா எப்போதோ கொடுத்த தடித்த சீமைக் காகிதத்தில் துரைக்குக் கடிதம் எழுதினேன். நடந்த தவறு முழுவதும் என்னுடையது, நான் விலகிக்கொள்கிறேன், என் ஒருத்தியின் மடமையை வைத்து இனி வரும் பெண்களைத் தடுக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, மாஸ்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு காகிதத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலால் சுண்டினார்.

"எங்கன கெடைச்சுது இது?"

"எங்க ஐயா குடுத்தது மாஸ்டர்."

"நல்ல கட்டிக் காகிதம். இங்கன ஒரு கடையிலயும் இது மாதிரி இல்ல."

இன்ஜினின் அடிப்பெட்டி இரண்டு பாதியாகச் சேரும். நடுவில் எண்ணெயில் ஊறிய காகித வளையம் ஒன்று வைக்க வேண்டும். பழையது பிரிக்கும்போது கிழிந்துவிட்டது. மாஸ்டர் என் கடிதத்தைப் பலகையில் விரித்து, அடிப்பெட்டியை அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்.

"மாஸ்டர், அது துரைக்கு எழுதினது!"

"துரைக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ கத்திரிக்கோலை எடு."

நானே வெட்டினேன். அன்று மாலை மாஸ்டர் துரையிடம் போய், "உள்ள சாம்பல் போயிட்டு துரை. என் பட்டறை, என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். துரை அதற்குமேல் கேட்கவில்லை. புத்தகத்தில் எழுத மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "உள்ளே சாம்பல். பிரித்துக் கழுவியது." அதன் பக்கத்தில் அரை வரியை நானாக விட்டு வைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து மூன்று நாள் மீதி இருந்தது. நேரே பத்து நிமிடம் ஓட்டலாமே என்றார் துரை. "புதுசு மாதிரிதான் துரை. முதல்ல இருந்து பைய" என்றார் மாஸ்டர். பதின்மூன்றாம் ஓட்டம் மறுபடி ஒரு நிமிடம். பதினெட்டில் துணி வெளுத்தது. இருபத்தொன்றில் தேன் நிறம். அன்று சிலிண்டர் மேல் கை வைத்து நான் சொன்ன ஆமென் போர்டிங் வரை கேட்டதாம்.

பண்டிகை அன்று தட்டான் பறந்தது. மைதானத்தை விட்டு எழும்பி, பந்தலைத் தாண்டி, ஒரு பெரிய வட்டம் அடித்து, பெட்ரோல் தீர்ந்ததும் வேலியோரத்துப் புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. "அந்த இஞ்சினைப் புளி விடமாட்டேங்குது வே!" என்று இசக்கி அண்ணாச்சி கத்தியதற்கு மாஸ்டரும் நானும் மட்டும் சிரித்தோம். விசிறி உடைந்தது, இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. பழைய மூன்றைத் தவிர. மறுவாரம் துரை என்னை நிரந்தரமாக்கினார். எனக்குப் பிறகு ஒரு பெண்ணை எடுத்தார். அவள்தான் தங்கபாய்.

துரையிடம் நான் சொல்லாமல் இருந்தது சரியா? அன்றே சொல்லியிருந்தால் தங்கபாய் அங்கே இருந்திருப்பாளா? இரண்டு கேள்வியையும் இத்தனை வருடமாக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிரேஸுக்கு உடம்பு சுட்டால் இப்போதும் நெற்றியில் உள்ளங்கையை வைத்து ஜெபத்தைத் தொடங்குகிறேன். ஆமென் வருவதற்குள் அவள் கையைத் தட்டிவிடுகிறாள். இது என்ன கணக்கு என்று புரியாமல் மறுபடி வைக்கிறேன். பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. "இது எத்தனாவது ஓட்டம்?" என்று அவள் அப்பா தினமும் கேலி செய்கிறார்.

இதை எழுதலாமா என்று மாஸ்டருக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர் போன வருடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். கார்டில் பதில் வந்தது: "தாராளமாக எழுது. நான் நக்கிப் பார்த்ததை மட்டும் எழுதாதே, பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்." மன்னிக்க வேண்டும் மாஸ்டர். அது இல்லாமல் கதை நிற்கவில்லை.

தங்கபாய், புது இன்ஜினைப் பையப் பழக்கு. பதினாறு சொட்டு. ஆமென் வரை கை. கறுத்தால் கறுத்தபடியே இருக்கட்டும், யார் வந்தாலும். பன்னிரண்டாம் ஓட்டத்தின் பக்கத்தில் விட்டிருக்கும் அரை வரியில், "துலக்கியவள் ரூத்" என்று மையால் எழுதிக்கொள்.

துரை அவர்களுக்கு: தங்களுக்கு நான் எழுதிய கடிதம் ஒன்று இப்போதுதான் தங்கள் கைக்கு வருகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இத்தனை நாளும் அது இன்ஜினுக்குள் இருந்தது.